இடுகுறி

ஓலு நகரில் மார்ச் மாதம்.
ஆற்றின் மேல் பனிப்பாளம் இன்னும் இளகவில்லை.
பட்டறை மேசையில் கொக்கிகளை ஒதுக்கிவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறான் தோர்ஸ்தி.

பதிய வேண்டிய குறி: தோர்லா.
பொருள் வகை இருபத்தெட்டு:
தூண்டில்கள், மிதவைகள், செயற்கை இரைகள்.
இதுவரை விரல் தடுமாறவில்லை.

அடுத்த கேள்வி:
இச்சொல்லுக்கு எந்த மொழியிலாவது பொருள் உண்டா?

போன வருடம் வேறு பெயர் கேட்டிருந்தான்.
'நல்ல இரை'.
தள்ளிவிட்டார்கள்.
இரையை இரை என்று யாரும் சொல்வார்கள்,
நல்லது என்று எல்லா வியாபாரியும் சொல்வான்,
ஒருவனுக்கே எழுதித்தர முடியாதாம்.
காரணப் பெயருக்கு அங்கே கதவு இல்லை.
இடுகுறியாக இருக்கவேண்டும்,
எதையும் சுட்டாத வெறும் ஓசை.
பொருளே இல்லாத சொல்லுக்குத்தான்
பலத்த காவல்.

தோர்ஸ்தியில் பாதி, லஹ்யாவில் பாதி.
இருட்டாத ஒரு ஜூன் இரவில்
படகின் மூக்கில் எழுதியவள் அவள்தான்,
கொசு விரட்டிய கையால், கொஞ்சம் கோணலாக.
பொய்மீன்களுக்குக் கண் வரைந்ததும் அவளே.
அவள் போனபின் ஒட்டுக் கண்கள்,
ஆயிரம் கொண்ட சுருளாக வாங்குகிறான்.

விவாகரத்துத் தாளில்
படகு அவனுக்கு, நாய் அவளுக்கு.
பெயரைப் பற்றி வக்கீல்கள் கேட்கவே இல்லை.

'இல்லை. புனைந்த சொல்'
என்று தட்டுகிறான்.
கட்டணம் போகிறது. ரசீது வருகிறது.

பதிவேட்டில் ஏறிய பிறகு இரண்டு மாதம்
யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்.
தபால் வண்டி வரும் நேரமெல்லாம்
அவனுக்கு வாசலில் ஏதோ வேலை இருந்தது.
மின்கட்டண பில் வந்தது.
பல் மருத்துவர் நினைவூட்டினார்.
ஐம்பத்தொன்பதாம் நாள்
குவோபியோவிலிருந்து ஓர் ஆர்டர்:
பச்சை முதுகு, ஏழு சென்டிமீட்டர், ஒன்றே ஒன்று.
பெறுபவர் லஹ்யா. குடும்பப் பெயர் வேறு.

ஆட்சேபங்களில் இதைச் சேர்க்க
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

விளக்கைக் கிட்டே இழுத்தான்.
ஒட்டுக் கண்ணை உரித்துவிட்டு
தூரிகையால் வரைந்தான்.
ஒன்று பெரிதாகிவிட்டது.
துடைத்து மறுபடி வரைந்தான்.
அப்போதும் பெரிது.
அப்படியே காயவிட்டான்.

பெட்டியின் மூடியில் பெயரைக் குத்தினான்.
வட்டத்துக்குள் எழுத்து வைத்த புது முத்திரை
பக்கத்திலேயே தயாராக இருந்தது.
எடுக்கவில்லை.
இன்னும் இரண்டு நாள் பாக்கி.