நாற்பத்து நான்கு அங்குலம்

தூக்கியாயிற்று வண்டியை, ஒரு சாண்.
சக்கரக் குழியில் இப்போது
இருட்டுதான் நிறைய இருக்கிறது.

முப்பத்தெட்டு போதும் என்கிறான் ஓர்வார்.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்
அதுவே மட்கார்டைக் கடிக்கும்.
கடிக்கிற இடத்தை வெட்டிவிடலாம் என்று
சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள்
ஸ்வான்ஹில்துர்.

போன மார்ச்சில் பனியாற்றின் மேல்
அச்சுவரை புதைந்து
பதினோரு மணி நேரத்தை
ஒரே பிளாஸ்க் காபியில் கழித்தவள்.
அவன் அன்று வரவில்லை.

வெண்மை தொடங்கும் இடத்தில் இறங்கி
வால்வைத் திறக்கிறாள்.
இவ்வளவு பெரிதாய் வாங்கியது
இப்படித் தொய்வதற்கா?
ஆமாம் என்கிறாள்.
உஸ்ஸென்று
சாவகாசமாய்ப் போகிறது காற்று.
ஐஸ்லாந்து முழுக்க அது ஒன்றே சத்தம்.

திரும்பும் சாலையில்
ஸ்பீடோமீட்டர் முள் அறுபதில் நிற்கிறது.
எண்பத்தைந்து இருக்கும் என்கிறாள்.
அவன்
பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.