ஐந்தாவது வரி

இந்த ஊரில் தண்ணீருக்கு ஒரு வக்கீல் உண்டு.
கறுப்பு அங்கி கிடையாது. பெயர் ஹமூத்.
பிக்கப்பின் பின்னால் ஒரு மண்வெட்டி,
கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி.
மலைக்கு அடியில் எங்கோ ஊறி
சுரங்கத்துக்குள் இருட்டிலேயே நடந்து
மசூதிக்கு மேற்கே வெயிலைப் பார்க்கும் ஃபலஜுக்கு
அவர்தான் கணக்கு, காவல், வாதம் எல்லாம்.

வெளிச்சத்துக்கு வந்த முதல் படி குடிக்க மட்டும்.
அடுத்த படி தொழுகைக்கு முன் கைகால் கழுவ.
அதற்கும் கீழே ஆண்கள் குளிக்க,
சுவருக்கு அப்பால் பெண்கள்,
பிறகு பாத்திரம், துணி,
கடைசியில்தான் பேரீச்சை.
இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை.
வந்த புதிதில் சோப்போடு மேல்படியில் இறங்கினேன்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
ஒன்றும் பேசாமல் சோப்பை எடுத்துக்கொண்டு
கீழே நடந்தான்.
பின்னாலேயே போனேன், இடுப்பில் துண்டோடு.

குழியைப் பற்றித்தான் ஒருவரும் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், கூழாங்கல் மேட்டில்,
வட்டமாகக் கல் அடுக்கிய ஒரு வாய்.
கைவிட்ட கிணறு என்று நினைத்தேன்.
அப்படி நினைத்ததாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.
ஒரு கல்லைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.
பார்த்தேன்.
களக் என்றது.

மூன்று லாரிக்கு ஆயில் மாற்றிய நாள்.
கழிவெண்ணெய் எடுக்க வருகிறவன் இரண்டு வாரமாக வரவில்லை.
பேரல் நிறைந்து வழிந்தது.
அர்பாப் போனை எடுக்கவில்லை.
ராத்திரி பத்து மணிக்கு, இருபது லிட்டர்.

விடிந்ததும் முதல் படியில் வானவில்.
காலைக் கொறிக்க வரும் விரல்நீள மீன்கள்
வயிறு வெளுத்து ஓரமாய் ஒதுங்கிக் கிடந்தன.
படிக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள்.
பதினோரு நாள் டேங்கர் வந்தது.
வரிசையில் நானும் நின்றேன்.
என் கேனுக்கும் அதே அளவு.

மஜ்லிஸில் கூட்டம். காப்பி சுற்றி வந்தது.
யார் என்று தேடியவர்கள் இரண்டு பேர்.
மற்றவர்கள் சட்டம் போட்டார்கள்:
குழிகளுக்கெல்லாம் கான்கிரீட் மூடி,
முப்பது அடிக்குள் வண்டி நிற்கக்கூடாது,
எண்ணெயோ பெயின்ட்டோ ஊற்றினால் ஐம்பது ரியால்,
அந்தக் காசு தூர்வாரும் கூலிக்கு.
“நமக்குத் தெரியும். வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?
எழுதி வைங்க” என்றாள் ஷம்ஸா டீச்சர்.

பலகை வந்தது. அரபு அவளே எழுதினாள்.
உருது, சலூன்காரர்.
வங்காளம், தோட்டத்து மொஃபிஸுல்.
மலையாளம் எழுத கஃபெட்டீரியாவில் அடிதடி,
யார் கையெழுத்து அழகு என்று.
பிறகு ஹமூத் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார்.

இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன்
நான் ஒருவன்.

‘ஊற்றாதீர்கள்’ என்று எழுத இடம் போதவில்லை.
பொய். இடம் இருந்தது.
யாருக்கு மரியாதை என்று ஒரு நிமிடம் நின்றேன்.
‘இந்தக் குழியில் எண்ணெய் ஊற்றாதே.’

“வாசி” என்றார் ஹமூத்.
வாசித்தேன், சத்தமாக.
அரபியில் சொல்லக் கேட்கவில்லை அவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
என்னைப் பார்த்தார்,
பெயின்ட் டப்பாவை மூடினார்.

ஐம்பது ரியால் ஒரு கவரில் இருக்கிறது,
டூல்பாக்ஸின் அடித்தட்டில்.
மூன்று முறை அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டது.

போன வாரம் டயர் வெடித்து ஒரு டிரெய்லர் நின்றது.
டிரைவர் சாத்தூர்க்காரர், துரைச்சிங்கம்.
தண்ணீர் பிடிக்கப் போனவர் பலகையைப் பார்த்துவிட்டுத்
திரும்பி ஓடி வந்தார்,
ஏதோ சொந்தக்காரனைக் கண்ட மாதிரி.
“அண்ணே, தமிழு! இங்க நம்மாளு எத்தன பேரு?”
“ஒருத்தன்.”
“ஒருத்தனுக்காகவா ஒரு வரி?”

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துணியைப் பேரலுக்குள் போட்டு
மூடியை இறுக்கினேன்.
“மேல்படியில பிடிங்க” என்றேன்.
“அதுதான் குடிக்க.”