வலப்பக்கம்

நோட்டு என் முறைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.
புதுவயல் அரைவை மில்லில் எடை போடும் வேலை எனக்கு.
தவிட்டுத் தூசி படியாத இடம்
மேசை இழுப்பறை ஒன்றுதான்,
அதில் வைத்திருந்தேன்.

ஐந்து பேருக்குள் சுற்றுகிற நோட்டு.
இடப்பக்கம் எழுதியவருக்கு,
வலப்பக்கம் படித்தவர்களுக்கு.
இம்முறை சிகப்பி எழுதியிருந்தாள்.
கண்டனூர் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற கை;
அடுத்த தாளைத் தடவினாலும் எழுத்து தெரியும்.

அவள் அண்ணன் வீட்டை விட்டுப் போன இரவு.
ஒன்றரைப் பக்கம்.

எனக்கு முன்பே வலப்பக்கத்தில்
ஜபருல்லா: 'அருமை.'
பள்ளத்தூர் அந்தோணி சார்: 'கண் கலங்கியது. தொடர்க.'
மெய்யம்மை ஒரு பூ வரைந்திருந்தாள்.

நானும் 'அருமை' என்றுதான் எழுதினேன்.
எழுதிவிட்டுப் பார்த்தால்
மூட்டையைத் தராசில் ஏற்றாமலே
சீட்டுக் கிழித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.
அடித்தேன்.
அடித்தது தெரியட்டும் என்று விட்டேன்.

மறுபடி படித்தேன். லாரி வந்தது, இறங்கிப் போனேன்.
மறுபடி.
நாய் எங்கே படுத்திருந்தது,
அண்ணன் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை,
எல்லாம் இருக்கிறது.
'முகப்புக் கதவு திறந்தது' என்கிறாள்.

எங்கள் பக்கத்து முகப்புக் கதவு
தானாகத் திறக்காது.
பர்மாத் தேக்கு. மேல் தாழ், கீழ்த் தாழ், நடுவே குறுக்குக் கம்பி.
உள்ளேயிருந்து ஒருவர் தோள் கொடுக்க வேண்டும்.

கேட்பதற்கு நான் யார் என்று இரண்டு நாள் போனது.
வெள்ளிக்கிழமை பென்சிலில் எழுதினேன்,
வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளட்டும்:
'பொத்தான் இல்லாத அந்தச் சட்டை
என்னோடு வீடு வரை வந்தது.
ஒன்று மட்டும். கதவை யார் திறந்தது?'

ஜபருல்லாவின் பழப் பைக்குள்
நோட்டு கண்டனூர் போனது.
ஒரு மாதம் வரவில்லை.
சந்தையில் மெய்யம்மை என்னை மறித்து,
'அப்படி என்னத்தைக் கேட்டே அவளை?' என்றாள்.
தக்காளி பொறுக்குவது போல் குனிந்துகொண்டேன்.

வந்தது.
பென்சில் அழிக்கப்படவில்லை.
அதன் கீழே, தாள் பள்ளம் விழ:
'நான்தான். கம்பியை எடுத்தது நான்தான்.
சத்தம் வரக்கூடாதென்று
சாயங்காலமே எண்ணெய் விட்டு வைத்தேன்.'
அப்புறம் ஏழு இடப்பக்கங்கள்,
ஓரம் கூட விடாமல்.

வலப்பக்கம் ஏழும் வெறுமை.
யாரும் எழுதாமல் எனக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஜபருல்லா மட்டும் ஒரு மூலையில்
ஏதோ தொடங்கி அடித்திருக்கிறான்,
வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு 'அ'.

இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறேன்.
பென்சில் சீவியாகிவிட்டது.