இரண்டு கிலோ

படகுக்காரர் ஸ்டேய்ன்தோர் சொன்னது பதினைந்து கிலோ.
மாவு, உலர்மீன், வெண்ணெய், ரேடியோவுக்கு பேட்டரி
எல்லாம் போக
எனக்கு மிஞ்சியது இரண்டு.
ஆளில்லாத முனையில் கலங்கரை விளக்குக்கு
பெயின்ட் அடிக்கப் போகிறவளுக்கு
உளி எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
தம்பி கேட்டான்.
ஐந்து வாரம்டா என்றேன்.
இரும்பு பிடித்த கை சும்மா இருக்குமா?

சமையல் மேசையில் பரப்பினேன், முப்பத்தோரு துண்டு.
மீன் நிறுக்கும் கொக்கித் தராசை
அவன் ஜன்னல் கம்பியில் மாட்டினான்.

கைக்கோடாலி முதலில் தொங்கியது. எழுநூறு கிராம்.
காடே இல்லாத கரைக்குக் கோடாலியா என்றான்.
காடு இல்லை, மரம் உண்டு.
சைபீரிய ஆற்றில் கைநழுவிய லார்ச் கட்டைகள்
பனிக்கட்டியோடு வருஷக்கணக்கில் மிதந்து
பட்டை உரிந்து, உப்பு ஊறி
யாரும் கூப்பிடாமலே அங்கே வந்து படுத்திருக்கும்.
சொல்லிவிட்டு
கோடாலியை இறக்கினேன்.

கொட்டாப்புளியும் வேண்டாம்.
கட்டை கிடக்கிற இடத்துக்குக் கட்டை சுமப்பானேன்?
எழுத்து வெட்டும் கூருளி:
அங்கே யார் படிக்க?
நாற்பது வயதானபோது எனக்கு நானே வாங்கிக்கொண்ட
சுவிஸ் உளிப்பெட்டி
பன்னிரண்டு பல்லையும் காட்டியது.
ஒன்றை எடுத்தால் பதினொன்று முகம் தூக்கும்.
மூடிவிட்டேன்.

நேர்கத்தி வரட்டும்.
தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் அகலம்,
மீனும் அறுக்கும்.
வளைகத்தி வரட்டும், கரண்டிக் குழிக்கு வேறு நாதியில்லை.
தீட்டுகிற தோல்பட்டை, எடையே இல்லை.
ஏழாம் எண் குழியுளிக்குத்தான்
இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.
எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.
பிறகு மாவுப்பையில் பாதியையும்
ஒரு ஜோடி கம்பளிக் காலுறையையும் வெளியே போட்டு
அதை உள்ளே படுக்க வைத்தேன்.

சாணைக்கல் மட்டுமே தொள்ளாயிரம்.
ஐஸ்லாந்தில் கல்லுக்கா பஞ்சம் என்றான் தம்பி.
சிரித்துவிட்டேன்.
அங்கேதான் சறுக்கினேன்.

மூன்றாம் நாளே லார்ச் என் கத்தியைத் தின்றது.
மரத்தின் ஒவ்வொரு வெடிப்பிலும் கடல் மணல்.
தோல்பட்டையில் இழுத்தேன், இழுத்தேன்.
கத்தியைத் தடவிக் கொடுக்கத்தான் அதற்குத் தெரியும்,
பல் உடைந்தால்
அது என்ன செய்யும் பாவம்.

வெளியே வந்தால் கண்ணெட்டும் தூரம் கல்.
எல்லாம் எரிமலை துப்பியது,
மேலெல்லாம் பொத்தல், ரொட்டி மாதிரி.
கத்தியை வைத்தால் கத்தியைக் கடித்தது.

இருட்டாத ராத்திரி அது,
அதனால் எவ்வளவு நேரம் என்று தெரியாது,
குனிந்தபடியே கரையெல்லாம் நடந்தேன்.
ஒவ்வொன்றாய் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து
எறிந்தேன்.
ஒரு கடல்நாய் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி நீருக்குள் போனது.
அப்புறம் ஒன்று, சாம்பல் நிறம்,
ஓரத்தில் வெள்ளைக் கோடு,
கன்னத்தில் வைத்தது தெரியவே இல்லை.

கடல் எத்தனை காலம் தேய்த்ததோ.
அதன் மேல் நான் நாற்பது நிமிஷம் தேய்த்தேன்.
முன்கை மயிர் ஒன்று சத்தமில்லாமல் விழுந்தது.

கூர் வந்த சந்தோஷத்தில்
கட்டைவிரலையும் கொஞ்சம் செதுக்கிக்கொண்டேன்.
முப்பத்தோரு துண்டு இரும்பை
கிராம் கிராமாய் நிறுத்தவள்
பிளாஸ்திரி எடுத்து வைக்கவில்லை.
தூரிகை துடைத்த துணியைக் கிழித்துச் சுற்றினேன்.
பெயின்ட் எது, நான் எது
என்று பிரிக்க முடியாத ஆரஞ்சு.

குழியுளியா?
ஐந்து வாரமும் சுருள்துணிக்குள் தூங்கிற்று.
காலுறை இல்லாத கால்கள்
விடிய விடிய அதைத் திட்டின.

திரும்பும் நாள் ஸ்டேய்ன்தோர்
பையை ஒரு கையால் தூக்கப் பார்த்து
இரண்டு கையால் தூக்கினார்.
போகும்போது இவ்வளவு இல்லையே?
நாலு கரண்டி, ஒரு வெண்ணெய்க் கிண்ணம் என்றேன்.
அவர் கரண்டியை மட்டும் வாங்கி
ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.
கல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
தராசோடு தம்பி நிற்கும் படகுத்துறை
தெரிகிறவரைக்கும்
அவனிடம் என்ன சொல்வது
என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.