பரூத்தியாவை விற்கலாமா

மோன்தேவிதேயோ. ஜூலைக் குளிர்.
வில்மாரின் இறைச்சிக் கடையில் திங்கட்கிழமை
யாரும் இறைச்சி வாங்க வரவில்லை.

"எண்பது நிமிடம் நின்றான்,
வராத பஸ்ஸுக்கு நிற்பவன் போல.
விற்றுத் தொலையுங்கள்,
அந்தக் காசில் ஸ்டாண்டுக்குக் கூரையாவது போடலாம்."
விலா எலும்பில் கத்தி இறங்குகிறது.

கிராசியேலா மாத்தேயை உறிஞ்சி முடித்து
குடுவையை என் பக்கம் தள்ளுகிறாள்:
"மீதிப் பத்து நிமிடம்?"

"மூன்று பேரைக் கடந்தான். சரி.
கோல் காலியாகக் கிடந்தது.
நாலாவது ஆளும் வரட்டும் என்று
காத்திருந்தானே, பாவி!"

நான் வாயைத் திறக்கவில்லை.
சந்தா மூன்று மாதம் பாக்கி;
பாக்கிக்காரனுக்கு ஓட்டு இல்லை.

"மூளை உள்ளவன் இடது காலால் தட்டிவிடுவான்.
இவன் என்ன செய்தான்? பாருங்கள்"
என்று மேடையைச் சுற்றி வெளியே வந்தார் வில்மார்.
மரத்தூளில் ஓர் எலுமிச்சையை உருட்டி,
குதிகாலால் இழுத்து,
தோளை ஒரு பக்கம் பொய்யாகச் சாய்க்க,
அறுபத்திரண்டு வயதுத் தொப்பை
மறுபக்கம் போனது.

"முட்டாள்தனம்" என்றார், மூச்சிரைக்க.
பிறகு குனிந்து எலுமிச்சையைத் தேடியெடுத்து
இன்னொரு முறை செய்தார்,
இந்த முறை
கத்தியைக் கீழே வைத்துவிட்டு.