பத்து மணிக் கதவு

டேவானில் நாற்காலிகளை
வட்டமாகப் போடச் சொன்னார்கள்.
ஆள் இல்லையென்று கார்டு என்னையும் கூப்பிட்டார்கள்.
வட்டம் எனக்கு வரவில்லை,
ஒரு பக்கம் முட்டை மாதிரி நீண்டுவிட்டது.
பரவாயில்லை அங்கிள், என்றாள் கவுன்சிலர் ஹஸ்லிண்டா,
எல்லாரும் எல்லாரையும் பார்த்தால் போதும்.

அதுதான் கஷ்டம்.
செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம்
கெருவில் கடைத்தெருவில்
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
ஹாஸ்டல் பையன்கள் ரொட்டி சானாய்க்கு வெளியே வருவதில்லை.
தோட்டத்துப் பையன்கள்
பஸ் ஸ்டாப்பில் மோட்டார் நிறுத்துவதில்லை.
செம்பனை ஓலை கழிக்கிற பாராங் ஒன்று
போலிஸ் ஸ்டேஷனில் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது.
திவேஷின் இடது கையில்
முப்பத்தொரு தையல்.

முதல் இருபது நிமிஷம் காற்றாடி மட்டும் பேசியது.
பிறகு டைரக்டர், ஒற்றுமை என்று மூன்று தடவை.
பிறகு ஒரு பையன், தரையைப் பார்த்தபடி:
"நீ என்ன நம்பர்டான்னு கேட்டாங்க.
எந்த கேங்னு கேக்கறாங்கன்னு அவனுக்குப் புரியல.
பயத்துல மெட்ரிக் நம்பரச் சொன்னான்."
யாரோ சிரித்தார்கள்.
சிரித்தவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

சியூ லிங் இரண்டாம் மாடியிலிருந்து படம் எடுத்தாளாம்,
அழித்துவிட்டாளாம்.
எடுத்தது தப்பா அழித்தது தப்பா
என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.
யாருக்கும் தெரியவில்லை.

கதவோரம் இந்திராணி நின்றாள்.
கேண்டீனில் தட்டு கழுவுகிறவள், கையில் ஈரம்.
"சர்வின் எம்மவன்தான்.
ரெண்டு தரம் இந்த காலேஜுக்கு மனு போட்டான், கெடைக்கல.
அது காரணமில்ல, நானே சொல்றேன்.
மன்னிப்பு கேக்க வரல.
கேட்டா குடுத்துத்தான் ஆகணும்னு ஆயிரும் ஒங்களுக்கு.
அந்தப் புள்ள சாப்டுச்சா,
அத மட்டும் சொல்லுங்க."

மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள்.
அதற்குள் ஹஃபிஸி,
திவேஷின் அறைக்காரன்,
சாப்பாட்டுக்கு மட்டும் தமிழ் தெரிந்தவன்,
"மைலோ" என்றான். இரண்டு விரலைக் காட்டி,
"ரெண்டு ஸ்பூன்."

அவள் தலையாட்டினாள்.
ஒரு நாற்காலி அவள் பக்கம் நகர்ந்தது.
அவள் உட்காரவில்லை.

நான் எழுந்தேனா, கை எழுந்ததா, தெரியாது.
போலிஸிடம் சொல்லாததைச் சொன்னேன்:
அன்றைக்குப் பத்து மணி நாலு நிமிஷத்துக்கு
திவேஷ் முன்கதவை ஆட்டினான்.
சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.
ரூல் ரூல்தான் தம்பி,
பின் கேட்டுக்குச் சுற்றிப் போ என்றேன்.
பின் கேட்டுக்கு
பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மினிட்ஸ் எழுதுகிற பெண் பேனாவைத் தூக்கினாள்:
இதை எப்படி எழுத?
சொன்ன மாதிரியே எழுது, என்றாள் ஹஸ்லிண்டா.
யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அடுத்த வியாழன் மறுபடியும் என்றார்கள்.
வேலை போகுமா என்று தெரியவில்லை.
நாற்காலிகளை அடுக்காமல் விட்டுவிட்டேன்,
முட்டை முட்டையாகவே கிடக்கட்டும்.

இன்று பத்து மணி.
பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
மழை பிடித்துவிட்டது.
பத்து ஆறுக்கு ஒரு மோட்டார்,
ஹெல்மெட்டுக்குள் யாரென்று தெரியவில்லை.
நம்பர் கேட்கத்தான் வாய் வந்தது.

பேர் கேட்டேன்.