கேட் போட்ட நேரம்

நீடாமங்கலம் கேட்டடியில்
உத்திராபதி கடைக்குக் கதவு கிடையாது.
தட்டிகள்தான் சுவர்.
ஸ்டாம்பு அளவு போட்டோவைக்
கட்டம் கட்டமாக வளர்த்து
பன்னிரண்டடிக்குக் கும்பிட வைத்துவிடுவார்.
தலைவர், காதுகுத்துப் பிள்ளை,
கண்ணீர் அஞ்சலியில் சிரிக்கிற மீசை,
எந்த முகமானாலும் கன்னத்துக்கு ஒரே ரோஸ்.

டிரெய்லருக்கு நம்பர் எழுதப் போய் நின்றேன்.
தட்டிகளின் இடுக்கில் ஒரு பலகை,
சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது.
பென்சில் கட்டங்களை அழிக்கவேயில்லை.

மூடிய கேட்.
என்ஜின் திருப்பிக் கட்ட நிற்கும் மன்னார்குடி வண்டி,
ஓரமாய் ஒரு கீற்று.
இந்தப் பக்கம் ஒரு டிவிஎஸ் ஐம்பது.
ஓட்டுகிறவனின் முதுகு.
பின்னால் இருப்பவளின் கை
அவன் காலரிலிருந்து
ஒரு உளுந்துச் சருகை எடுக்கிறது.
எடுத்தாயிற்று என்றும் சொல்ல முடியாது,
இன்னும் எடுக்கவில்லை என்றும்.

சட்டையை வைத்துத்தான் தெரிந்தது.
பேட்டரித் தண்ணீர் பட்டு
தோள்பட்டையில் ஓட்டை விழுந்த நீலம்.
ஏதோ கட்சிக் கொடியில் மிஞ்சிய பெயின்ட்டாக இருக்கும்.
என் முதுகை நான் பார்த்தது
அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சொசைட்டியில்
வளையலை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தோம்.
நாலு. குறுவைக்கு.
கேட்டதும் கழற்றினாள்,
இடது கைக்கு மட்டும் சோப்பு போட வேண்டியிருந்தது.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கோரையாறு தாண்டியும் பேசவில்லை.
கேட்டில் இருபது நிமிஷம்,
வெள்ளரிப்பிஞ்சுக்காரி வந்து கேட்டுவிட்டுப் போனாள்,
அப்போதும் இல்லை.
நான் தண்டவாளத்தைப் பார்த்தபடி
உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தேன்
அவள் கேட்காத கேள்விகளுக்கெல்லாம்.

பின்னால் இது நடந்திருக்கிறது.

குனிந்து மணிக்கட்டைப் பார்த்தேன்.
வளையல் கிடந்த இடத்தில்
சுற்றிலும் ஒரு வெளுப்பு,
பிரஷ்ஷில் ஒற்றை மயிர் வைத்துப் போட்டிருக்க வேண்டும்.
அதையும் பார்த்திருக்கிறார் மனுஷன்.

"யாருண்ணே இது?"
"யாரோ. கேட் தொறந்ததும் போயிட்டாங்க."
"என்ன வெல?"
"நமக்குச் சதுர அடிக் கணக்கு.
இது ஒரு அடி தேறாது. மூஞ்சியும் கெடையாது.
என்னன்னு காசு கேக்குறது?"
டர்பன்டைன் துணியில் விரலைத் துடைத்தார்.
காசு கேட்கவுமில்லை, பலகையைத் தரவுமில்லை.
என் டிரெய்லர் நம்பரில்
மூன்றை எட்டாக எழுதி, பிறகு திருத்தினார்.

வீட்டில் சொல்லவில்லை.
ராத்திரி மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து
சட்டையைக் கழற்றாமல்
அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
காலரில் ஏதாவது ஒட்டியிருந்ததா, தெரியாது.
கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஃபேனப் போடவா?" என்றாள்.